அச்சுக்கூலி கொடுத்தவர் யார் என்பது இலக்கிய அளவுகோலா?

இந்தியப் பல்கலைக்கழகங்களின் இலக்கியத் துறைகளில் எழுதப்படாத விதியொன்று நெடுங்காலமாக நடைமுறையில் இருக்கிறது. பெயர்பெற்ற பதிப்பகத்தின் முத்திரை அட்டையில் இருந்தால் அது நூல். எழுதியவரே செலவிட்டு வெளியிட்டிருந்தால் அது நூலைப் போன்ற ஏதோ ஒன்று. அதை விடுதி அறையில் படிக்கலாம், ரயில் பயணத்தில் படிக்கலாம். ஆனால் ஆய்வுத் திட்டத்தில் முதன்மை நூலாகக் காட்டக் கூடாது, கருத்தரங்கில் பெயர் சொல்லக் கூடாது, மாணவர்க்குப் பரிந்துரைக்கவே கூடாது. இவ்விதியை எந்தச் சுற்றறிக்கையும் அறிவிக்கவில்லை. ஆயினும் முதலாண்டு ஆய்வாளர் முதல் மூத்த பேராசிரியர் வரை அனைவரும் அதை மனப்பாடமாக அறிவர்.

இந்த விதியில் நேர்மை இல்லை. அதற்கான சான்றை வெளியே தேட வேண்டியதில்லை. அத்துறைகளின் பாடத்திட்டங்களிலேயே அது கிடக்கிறது.

ஆங்கில இலக்கிய மாணவர் எவரும் வெர்ஜினியா உல்ஃபைப் படிக்காமல் பட்டம் பெறுவது அரிது. 1917இல் உல்ஃபும் அவர் கணவர் லியோனார்டும் வீட்டிலேயே ஒரு கையச்சு இயந்திரத்தை வைத்து ஹோகார்த் அச்சகத்தைத் தொடங்கினர். 1922இல் வெளிவந்த ‘ஜேக்கப்ஸ் ரூம்’ தொட்டு உல்ஃபின் நாவல்கள் அந்தச் சொந்த அச்சகத்தின் பெயரிலேயே வெளிவந்தன. மார்செல் புரூஸ்ட் தம் பெருநாவலின் முதல் பகுதியை 1913இல் சொந்தச் செலவில் வெளியிட்டார். பதிப்பகங்கள் அதை முன்னரே மறுத்திருந்தன. இவ்விருவரையும் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் அச்சுக்கூலியை யார் கொடுத்தார் என்று வகுப்பில் கேட்பதில்லை.

இந்தியாவுக்குள்ளே வந்தாலும் நிலை இதுதான். ஆர்.கே. நாராயணின் முதல் நாவல் லண்டனில் வெளியானதற்குக் காரணம் ஒரு வாசகரின் பரிந்துரை. அந்த வாசகர் கிரகாம் கிரீன். இரண்டாம் உலகப்போரில் இங்கிலாந்தோடு இருந்த தொடர்பு அறுந்தபோது நாராயண் மைசூரில் ‘இந்தியன் தாட் பப்ளிகேஷன்ஸ்’ என்ற சொந்த வெளியீட்டகத்தைத் தொடங்கினார். ‘மால்குடி டேஸ்’ 1943இல் முதன்முதலில் அங்கிருந்துதான் வெளிவந்தது. கேரளத்தில் வைக்கம் முகம்மது பஷீர் தம் புத்தகங்களைத் தாமே சுமந்து விற்றவர். எர்ணாகுளத்தில் புத்தகக் கடை நடத்தியவர். 1945இல் கோட்டயத்து எழுத்தாளர்கள் சிலர் கூடித் தங்கள் நூல்களைத் தாங்களே வெளியிடுவதற்காகக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். ‘சாகித்ய பிரவர்த்தக சங்கம்’ என்னும் அந்த அமைப்பை விலக்கிவிட்டு மலையாள நவீன இலக்கிய வரலாற்றை எழுத இயலாது.

இவற்றுக்கெல்லாம் துறைகள் தயாராக வைத்திருக்கும் விடை ஒன்று உண்டு: “அவர்கள் மேதைகள்.” மேதைமை பின்னால் தெரிய வந்தது. வெளியிட்ட நாளில் அவர்களும் தம் புத்தகத்துக்குத் தாமே பணம் கட்டிய எழுத்தாளர்கள்தாம். அன்றைக்கு இந்த விதி முழு வலிமையோடு செயல்பட்டிருந்தால் அந்த மேதைமையைக் கண்டறியும் வாய்ப்பே எழுந்திராது.

இன்னும் கூர்ந்து நோக்கினால் விதியில் ஓர் உள்ஒதுக்கீடும் இருப்பது புலப்படும். 1976இல் பம்பாயில் அதில் ஜஸ்ஸாவாலா, அரவிந்த் கிருஷ்ண மெஹ்ரோத்ரா, அருண் கொலாட்கர், கீவ் படேல் ஆகிய நால்வரும் சேர்ந்து ‘கிளியரிங் ஹவுஸ்’ என்ற வெளியீட்டகத்தைத் தொடங்கினர். வெளியிட்டவை பெரிதும் அவர்களுடைய கவிதைகளே. கொலாட்கரின் ‘ஜெஜூரி’ அப்படி வந்த நூல். அடுத்த ஆண்டே காமன்வெல்த் கவிதைப் பரிசு பெற்றது. இன்று நாடெங்கும் பாடமாக இருக்கிறது. துறைகள் இதைச் சுயவெளியீடு என்று முகஞ்சுளிப்பதில்லை. ‘சிற்றச்சக இயக்கம்’ என்று போற்றிக் கட்டுரை எழுதுகின்றன. அது போற்றத் தக்கதே. ஆனால் கவிஞர் தம் கவிதையைத் தாமே அச்சிட்டால் இயக்கம், கதைசொல்லி தம் துப்பறியும் நாவலைத் தாமே அச்சிட்டால் தற்பெருமை என்பது எந்த ஊர் நியாயம்?

இங்கேதான் விதியின் உண்மை முகம் வெளிப்படுகிறது. துறைகளுக்கு ஒவ்வாதது சுயவெளியீடு அன்று, சுவை. படிப்பவர் சிரித்துப் படிக்கும், அஞ்சிப் படிக்கும், இரவு முழுவதும் விழித்துப் படிக்கும் கதை ஒவ்வாதது. அதை நேரடியாகச் சொல்ல நாணம் தடுப்பதால் அச்சுக்கூலியைக் காரணமாகக் காட்டுகின்றனர்.

இந்த நாணத்துக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. தேவகீ நந்தன் கத்ரியின் ‘சந்திரகாந்தா’ 1888இல் வெளிவரத் தொடங்கியது. மாயக்கோட்டைகளும் உருமாறும் ஒற்றர்களும் நிறைந்த கதை அது. கத்ரி பின்னர் காசியில் ‘லஹரி’ என்ற பெயரில் சொந்த அச்சகமே நிறுவினார். இந்தி இலக்கிய வரலாற்றை 1929இல் எழுதிய ஆச்சாரிய ராமச்சந்திர சுக்லர் இவரைப் பற்றி இரண்டு தீர்ப்புகளை ஒருசேர வழங்கினார். இவ்வளவு வாசகரை வேறெந்த நூலாசிரியரும் உருவாக்கவில்லை, இவர் கதைகளைப் படிப்பதற்காகவே உருது மட்டும் அறிந்த பலர் இந்தி கற்றனர் என்பது முதல் தீர்ப்பு. நிகழ்ச்சிகளின் விந்தையே மேலோங்கிய இக்கதைகளில் உணர்ச்சிச் சுவையும் பாத்திர வார்ப்பும் இல்லை, எனவே இவை இலக்கிய வகைக்குள் வாரா என்பது இரண்டாவது. ஒரு மொழிக்கு வாசகரை ஈட்டித் தந்தவர்க்கு அம்மொழி இலக்கியத்தில் இருக்கை இல்லை! தொண்ணூறு ஆண்டுகள் கடந்தும் நாட்டின் பெரும்பாலான துறைகள் இந்த இரண்டாம் தீர்ப்பையே நகலெடுத்துக்கொண்டிருக்கின்றன. முதல் தீர்ப்பைப் படித்ததாகவே காட்டிக்கொள்வதில்லை.

சுவை இல்லை என்ற வாதம் மரபுக்கும் பொருந்தாது. அற்புதம் வடமொழி மரபில் ஒரு சுவை. தொல்காப்பியம் எண்ணும் எட்டு மெய்ப்பாடுகளில் முதலாவது நகை. மருட்கையும் அச்சமும் உவகையும் அவ்வெட்டில் அடங்கும். வியக்க வைப்பதும் சிரிக்க வைப்பதும் கீழான தொழில் என்று அந்நூல் எங்கும் வரிசை பிரிக்கவில்லை. மெய்ப்பாட்டியலைத் தேர்வுக்கு விளக்கி எழுதும் மாணவர், அதே மருட்கையைத் தரும் நாவலைப் பையின் அடியில் மறைத்து வைக்க வேண்டியிருப்பது கல்வியின் முரண்.

விதிவிலக்காக நடந்துகாட்டிய அறிஞர்களும் இருக்கிறார்கள். உருது விமர்சனத்தில் சம்சுர் ரஹ்மான் ஃபாரூக்கிக்கு இணை சொல்ல எவரும் தயங்குவர். மீர் கவிதைகளைப் பற்றிய பேருரைக்காக 1996ஆம் ஆண்டுக்குரிய சரஸ்வதி சம்மான் பெற்றவர். ‘ஷப்கூன்’ என்ற இதழை அலகாபாத்திலிருந்து நாற்பதாண்டுக் காலம் நடத்தியவர். அதே ஃபாரூக்கி இப்னே சஃபியின் துப்பறியும் நாவல்கள் நான்கைத் தாமே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். இப்னே சஃபி 1952இல் அலகாபாத்தில் ‘ஜாசூசி துனியா’ வரிசையைத் தொடங்கிப் பின் கராச்சிக்குக் குடிபெயர்ந்து, அங்கே சொந்த வெளியீட்டகம் வழியே மலிவுப் பதிப்புகளாகக் கதைகளைக் கொண்டுவந்தவர். ஃபாரூக்கியின் மொழிபெயர்ப்புகளை 2011இல் வெளியிட்டதும் பெருநிறுவனம் அன்று. தமிழ் வெகுசனக் கதைகளின் ஆங்கிலத் தொகுப்பை 2008இல் கொண்டுவந்த சென்னையின் சிறு பதிப்பகமான ‘பிளாஃப்ட்’. மீரை அறிந்தவர் இப்னே சஃபியைப் பரிந்துரைத்தார். அதனால் அவர் புலமைக்கு எந்தக் களங்கமும் நேரவில்லை. அவரினும் குறைவாகப் படித்தவர்களே களங்கத்துக்கு அஞ்சுகின்றனர்.

பழைய கதை போகட்டும். இன்று படிக்கத்தக்கது என்ன இருக்கிறது என்ற கேள்வி நியாயமானது. சில நூல்களை எடுத்துக்கொள்ளலாம்.

ரசனா ஆத்ரேயாவின் ‘டெல் எ தௌசண்ட் லைஸ்’ 2012இல் மின்னூலாக வந்தது. பதிப்பக ஒப்பந்தம் கைக்கு வந்தும் அதை மறுத்துத் தாமே வெளியிட்டவர் அவர். எல்லாராலும் தள்ளப்பட்டவரே சுயவெளியீட்டுக்கு வருவார் என்ற எண்ணத்தை இந்த ஒரு நிகழ்வே உடைக்கும். ஆந்திரக் கிராமத்தில் நிறம் கறுத்த பதினாறு வயதுப் பெண் புல்லம்மா. திருமணமாகிக் குடும்பம் நடத்துவதே அவள் கனவு. மருத்துவம் படிக்க விரும்பும் அவளுடைய இரட்டைச் சகோதரி சிவந்த நிறத்தவள். கறுத்தவளை ஊரார் தெய்வமாக்கிவிடுகிறார்கள். அந்தத் தெய்வத்தால் ஆதாயம் காண்கிறது அரசியல். நிறம், வரதட்சிணை, பக்தி, அதிகாரம் ஆகிய நான்கும் ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பந்தாடுவதை விறுவிறுப்புக் குன்றாமல் சொல்லும் கதை. கருத்தரங்குகளில் பால், சாதி, உடல் என்று பேசப்படுவன யாவும் இதில் இருக்கின்றன. கூடவே அடுத்த பக்கத்தைப் புரட்டும் ஆவலும் இருக்கிறது.

செஹான் கருணாதிலகவின் ‘சைனாமேன்’ இலங்கையில் 2010இல் ஆசிரியரின் சொந்த வெளியீடாக வந்தது. குடியால் ஈரல் கெட்ட ஓய்வுபெற்ற விளையாட்டுச் செய்தியாளர் ஒருவர், பிரதீப் சிவநாதன் மேத்யூ என்னும் காணாமற்போன சுழற்பந்து வீச்சாளரைத் தேடும் கதை. கிரிக்கெட் தெரியாதவரும் சிரித்துப் படிக்கலாம்; சிரிப்பின் அடியில் இனப்போரின் கசப்பு தங்கியிருக்கும். இந்தியப் பதிப்பு 2011இல் வந்தது. 2012இல் தெற்காசிய இலக்கியத்துக்கான டி.எஸ்.சி. பரிசும் காமன்வெல்த் நூல் பரிசும் கிடைத்தன. 2022இல் அதே ஆசிரியர் வேறொரு நாவலுக்காக புக்கர் பரிசு பெற்றார். இன்று அவரைப் பற்றிக் கட்டுரை படிப்போர் எத்தனை பேர்! 2010இல் அந்த முதற்பதிப்பை அவர்களில் யாரும் தொட்டிருப்பார்களா என்பது கேட்கத் தக்க கேள்வி.

அமீஷ் திரிபாதியின் ‘தி இம்மார்ட்டல்ஸ் ஆஃப் மெலூஹா’வும் அஷ்வின் சாங்கியின் ‘தி ரோசபால் லைன்’ நாவலும் இதே வழியில் வந்தவை. பதிப்பகங்கள் பல மறுத்தபின் அமீஷின் நூல் 2010இல் வெளிவந்தது. முதல் அத்தியாயத்தைத் தனியே அச்சிட்டுப் புத்தகக் கடைகளில் இலவசமாக வழங்கினார்கள். சாங்கி 2007இல் தம் பெயரின் எழுத்துகளைக் கலைத்து அமைத்த புனைபெயரில் தாமே வெளியிட்டார். இவ்விரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு புகழ வேண்டியதில்லை. மெலூஹாவில் பிறந்த குழந்தைகளை அரசே வாங்கி வளர்த்துத் தேர்வு வைத்து வருணம் ஒதுக்குகிறது. வருணத்தைத் தகுதித் தேர்வாக மாற்றிக் காட்டும் இந்தக் கற்பனை எதை மறைக்கிறது என்பது ஒரு பருவம் முழுவதும் விவாதிக்கத் தக்க வினா. இலட்சக்கணக்கானோர் படித்து மகிழ்ந்த கதைக்குள் அப்படியொரு கருத்து இருக்கும்போது, அதை ஆராயாமல் ஒதுங்கி நிற்பதற்கு உயர்ந்த ரசனை என்று பெயர் சூட்டுவது கடமையிலிருந்து நழுவுவதாகும்.

இனி, மறுப்புகள். சுயவெளியீடுகளில் பெரும்பகுதி தரமற்றது என்பர். மெய். எழுத்துப்பிழை மலிந்தவை, செப்பம் காணாதவை, பாதியில் சரிந்துவிடுபவை ஏராளம். எழுதியவரின் ஆசையைப் பணமாக்கும் ‘தொகுப்புத் திட்ட’ நிறுவனங்களும் நாடெங்கும் இருக்கின்றன. பெருநிறுவனத்தின் தளத்தில் வெளியிடுவது விடுதலையும் அன்று. எந்த நூல் எவர் கண்ணில் படும் என்பதை அந்நிறுவனத்தின் கணினிக் கணக்கே தீர்மானிக்கிறது. இயந்திரம் எழுதித் தள்ளும் பிரதிகள் பெருகியதால், ஒருவர் நாளொன்றுக்கு மூன்று நூலுக்கு மேல் ஏற்றலாகாது என்று அமேசான் 2023 செப்டம்பரில் வரம்பு விதிக்க வேண்டி வந்தது. நாளுக்கு மூன்று என்பதே வரம்பு என்றால் வெள்ளத்தின் அளவை ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் இவை எல்லாம் எதை நிறுவுகின்றன? பதர் மிகுதி என்றால் முறம் வேண்டும் என்பதை. புடைக்கக் கற்றவர்கள் யார்? ஐந்தாண்டு முதுகலையும் முனைவர் ஆய்வும் செய்து, நல்ல வாக்கியத்துக்கும் போலி வாக்கியத்துக்கும் வேறுபாடு காணப் பயின்றவர்கள். பயிற்சி பெற்ற வாசகர் களத்தை விட்டு விலகிய இடத்தில்தான் விலைக்கு வாங்கிய நட்சத்திரக் குறிகள் குடியேறுகின்றன. தரமில்லை என்று சொல்லி ஒதுங்குபவர், தரம் பிரிக்கும் தம் தொழிலையே ஒதுக்குகிறார்.

பணம் கொடுத்து வெளியிடுவது இழிவு என்று கூறுவோர் தம் வீட்டு முற்றத்தையும் ஒருமுறை பார்க்கலாம். கட்டணம் வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் ஆய்விதழ்களின் பெருக்கத்தைத் தடுக்கவே பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கேர் பட்டியலை அறிவித்தது. 2025இல் அப்பட்டியலையும் கைவிட்டது. ஆய்வேட்டைச் சொந்தச் செலவில் நூலாக்கிப் பதவி உயர்வுக் கோப்பில் இணைப்பது எந்தத் துறையில் நடவாதது? மதிப்பெண்ணுக்காகக் காசு கொடுத்து அச்சிட்ட கட்டுரை ஆய்வாகிறது. வாசகருக்காகக் காசு கொடுத்து அச்சிட்ட நாவல் குப்பையாகிறது. இரண்டில் எதை மனமுவந்து ஒருவராவது படித்திருப்பார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

பெரும்பதிப்பக முத்திரை நிலையானது என்ற நம்பிக்கையும் ஆட்டங்கண்டுவிட்டது. வெஸ்ட்லேண்ட் பதிப்பகத்தை 2016இல் வாங்கிய அமேசான், 2022 பிப்ரவரியில் அதை மூடுவதாக அறிவித்தது. நாடறிந்த எழுத்தாளர்களின் நூல்கள் சில வாரங்களில் கடைகளை விட்டு மறையும் நிலை வந்தது. அதே ஆண்டில் அதன் குழுவினர் எவரோடு சேர்ந்து மீண்டும் தொடங்கினர்? 2014இல் பெங்களூரில் தோன்றி, பத்துக்கும் மேற்பட்ட இந்திய மொழிகளில் யார் வேண்டுமானாலும் கதை எழுதி வெளியிட இடம் தந்த ‘பிரதிலிபி’யோடு. துறைகள் ஏளனம் செய்த திண்ணையே துறைகள் மதித்த மாளிகைக்குக் கூரை கொடுத்தது.

மொழியியல் இவ்வழக்கில் தரும் சாட்சியமும் கேட்கத் தக்கது. இந்திய ஆங்கிலத்தின் முதல் பெருந்தரவகமான கோலாப்பூர் தொகுப்பு, சிவாஜி பல்கலைக்கழகத்தில் 1978ஆம் ஆண்டின் அச்சு நூல்களிலிருந்து பத்து இலட்சம் சொற்களைத் திரட்டி உருவானது. அமெரிக்காவின் பிரவுன் தொகுப்பைப் பின்பற்றியதால் அதில் துப்பறியும் கதைக்கும் காதல் கதைக்கும் அறிவியல் புனைவுக்கும் தனித்தனி இடம் உண்டு. இலக்கியத் துறை இருக்கை மறுத்த வகைகளுக்கு மொழியியல் பாய் விரித்தது. அங்கே மொழி வேறுவிதமாக இயங்குகிறது என்பதே காரணம். பதிப்பாசிரியரின் சிவப்பு மை படாத கதையில் வட்டார உறவுப்பெயரும் கலப்புத் தொடரும் விளக்கக் குறிப்பின்றி அப்படியே வரும். செப்பனிட்ட மொழி மட்டுமே சேமிக்கப்பட்டால் நூறாண்டு கழித்து இக்காலத்தின் பேச்சை ஆராய்பவருக்குக் கிடைப்பது அலங்கரித்த பிணமே.

சேமிப்பு என்பது வெறும் சொல்லன்று. இந்தியாவில் வெளியாகும் நூலின் படிகளைக் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது 1954ஆம் ஆண்டின் சட்டம். அச்சுப் புத்தகத்தை மனத்தில் கொண்டு எழுதிய சட்டம் அது. திரையில் மட்டும் வாழும் நாவல் ஒன்றை ஆசிரியர் நீக்கினாலோ தளம் மூடினாலோ அது இருந்ததற்குச் சுவடே எஞ்சாது. பல்கலைக்கழக நூலகங்களோ முகவர் பட்டியலுக்கு வெளியே ஒரு நூலை வாங்குவதே அரிது. மேற்கோள் காட்டிய ஆய்வேடும் எழுதப்படவில்லையெனில் ஒரு தலைமுறை விரும்பிப் படித்தது என்ன என்பதற்கு விடையே இராது.

எல்லாவற்றினும் பெரிய இழப்பு மாணவருடையது. குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் வரும் மாணவர் தம்மோடு கொண்டுவரும் வாசிப்பு பெரும்பாலும் இதுதான்: மீரட்டில் அச்சாகி நிலையக் கடைகளில் விற்ற நாவல், கைப்பேசியில் தொடராகப் படித்த காதல் கதை, நண்பர் அனுப்பிய மின்னூல். நேர்முகத் தேர்வில் பிடித்த நாவல் எது என்று கேட்கும்போது அவர் உண்மையைச் சொன்னால் மேசைக்கு அப்பால் ஒரு புன்னகை தோன்றும். அந்தப் புன்னகை ஒரு முழுப் பாடத்தையும் நடத்திவிடுகிறது. அடுத்த முறை அவர் மார்க்கெஸ் என்பார், படித்திராவிட்டாலும். வாசிப்பின் இன்பத்தோடு வந்தவரைப் பெயர் உதிர்க்கும் வித்தைக்குப் பழக்கிவிட்டு, இன்றைய மாணவர் படிப்பதில்லை என்று அதே மேசையிலிருந்து புலம்பல் எழுகிறது.

செய்ய வேண்டியது மலையைப் பெயர்க்கும் வேலை அன்று. முதுகலை வகுப்பில் ஒரு பருவத்துக்கு ஒரு சுயவெளியீட்டு நாவலை மாணவரே தேர்ந்து, ஏன் நன்று, எங்கே சறுக்கியது என்று எழுதட்டும். பிறர் கருத்தைத் திருட இயலாத பயிற்சி அது, திருடுவதற்குக் கட்டுரைகளே இல்லை. நூலகக் குழு ஆண்டுக்கு இருபது நூல்களையேனும் ஆசிரியரிடமிருந்து நேரே வாங்கட்டும். நெறியாளர்கள் ஆய்வுத் தலைப்பைப் பார்த்து “பதிப்பகம் எது?” என்று கேட்பதை விட்டு “கேள்வி எது?” என்று கேட்கட்டும். ஒவ்வோர் ஆய்வாளரும் தம் மொழியில் ஆண்டுக்கு ஒரு நூலையாவது பெயர் சொல்லி, காரணம் சொல்லிப் பரிந்துரைக்கட்டும். கிரகாம் கிரீன் ஒரு கையெழுத்துப் படிக்குச் செய்தது அவ்வளவே.

புல்லம்மாவில் தொடங்கலாம். பிரதீப் மேத்யூவைத் தேடிப் போகலாம். ஃபாரூக்கியின் கைபிடித்து இப்னே சஃபிக்குள் நுழையலாம். மெலூஹாவோடு சண்டையிடலாம். படித்து முடித்தபின் பிடிக்கவில்லை என்றும் சொல்லலாம். அதற்கு எவர்க்கும் உரிமை உண்டு. படிக்காமல், அட்டையின் மூலையில் முத்திரையைத் தேடிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதும் உரிமை மட்டும் எவர்க்கும் இல்லை.